காவலர் பயிற்சிக்குத் தனி நிதி வேண்டும்

ஐயா,

மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் தெருவில் அலைபவரைக் காவலர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். காவலர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தருவது அரசின் கடமை என்று அதன் 30-ஆவது பிரிவு சொல்கிறது. சரி, அதற்குப் பணம்?

ஒரு நாள் கருத்தரங்கு, மேடையில் பொன்னாடை, அப்புறம் குரூப் போட்டோ என்று முடித்துக்கொண்டால் அது பயிற்சி ஆகாது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1988-இல் தொடங்கிய திட்டம் இதற்கென்றே 40 மணி நேரம் ஒதுக்குகிறது. கையில் கத்தியோடு மிரண்டு நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசுவது, தள்ளி நின்று அவகாசம் கொடுப்பது எல்லாம் பழகினால்தான் வரும். லத்தி பிடிக்கவே மாதக்கணக்கில் பழக்குகிறோமே!

சென்னையிலாவது கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. வெளிமாவட்டத்தில் நள்ளிரவு ரோந்தில் இருக்கும் காவலர் யாரை அழைப்பார்? மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களைக் கொண்டே பயிற்சி நடத்தலாம். காவல் துறை மானியக் கோரிக்கையில் இதற்கெனத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும்.

– வாசகர், திருச்சி