தோட்டப்புறத்தாருக்கு எட்டாத படமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சினிமாப் பக்கத்தில் 'மேட் மேக்ஸ்: ப்யூரி ரோடு' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2015-ல் வந்த அந்த ஆங்கிலப் படத்தை மறக்காமல் எழுதியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நடுவில் ஒரு வரி: 'இதெல்லாம் நம் தோட்டப்புற ரசிகர்களுக்கு எட்டாத சங்கதி, அவர்களுக்குக் கார் பறந்தால் போதும்.' அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். இந்தப் படத்தை மகளோடு ஈப்போவில் போய்ப் பார்த்தேன். பாலைவனத்தில் தண்ணீரைத் தன் கோட்டைக்குள் வைத்து ஆளும் இம்மோர்ட்டன் ஜோ என்பவன் உயரத்தில் நின்றுகொண்டு பெரிய குழாய்களைத் திறந்துவிடுவான். கீழே ஜனங்கள் கையில் கிடைத்த சட்டியைத் தூக்கிக்கொண்டு முட்டி மோதுவார்கள். அவர்கள் பிடிப்பதற்குள் மூடிவிடுவான். அதோடு விடாமல், தண்ணீருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று புத்தியும் சொல்வான். இதில் எனக்கு எட்டாதது என்ன ஐயா?

எங்கள் லயத்துக்கு ஒரே பொதுக்குழாய். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். குழாய் வாயில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகி, கம்பியால் முறுக்கியிருப்பார்கள். அதன் நுனி யார் வாளியில் விழுவது என்பதில் அக்கா தங்கைகள் பேச்சை விட்டதுண்டு. பிறகு தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யாத குடும்பங்களை வெளியேற்ற முதலில் நிறுத்தியது தண்ணீரைத்தான். காய்ந்த குழாயடியில் வாளியோடு நின்ற அம்மாவிடம் தோட்டத்துக் கணக்கரான கிராணி வந்து, "ஆத்துல தண்ணி ஓடுதே, அள்ளிக்க வேண்டியதுதானே" என்றார். தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளி இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தரவேண்டும் என்ற 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவரும் அறிந்திருப்பார்.

அப்போதே இதை உங்கள் நாளிதழுக்கு விரிவாக எழுதினேன். மூன்று வரியாகச் சுருக்கி, கோழி வளர்ப்புக் குறிப்புக்குக் கீழே போட்டீர்கள். ஊர்ப் பெயரும் தவறு. நான் குறை சொல்லவில்லை; இடம் போதாமல் இருந்திருக்கும். ஆனால் எங்கள் ஊர் உங்கள் பத்திரிகையில் எப்போது வருகிறது? தீமிதிக்கு, விபத்துக்கு, பையன்களின் வெட்டுக்குத்துக்கு. சந்தா கட்டுவதற்கு மட்டும் நாங்கள் நல்ல வாசகர்கள்.

அப்புறம், கட்டுரையாளர் ப்யூரியோசாவை 'நாயகனுக்குத் துணையாக வரும் பெண்' என்கிறார். படத்தில் லாரி அவள் கையில். திட்டம் அவளுடையது. அடைபட்டிருந்த ஐந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவதும் அவள்தான். ஒரு கை இல்லாமல் இவ்வளவையும் செய்கிறாள். நாயகன் மேக்ஸோ ரொம்ப நேரம் வாயில் இரும்புப் பூட்டோடு ஒரு காரின் முன்னால் கட்டப்பட்டுக் கிடக்கிறான். ஜோவின் கோட்டைக்குள் பெண்களை வரிசையாக உட்காரவைத்து, ரப்பர் மரத்தில் பால் பிடிக்க மங்குக் கிண்ணம் கட்டுவது போல மார்பில் கருவி மாட்டிப் பால் எடுக்கும் காட்சி வருகிறதே, அதைக் கட்டுரையாளர் பார்க்கவே இல்லையா? திரையரங்கில் நான் அதைப் பார்த்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வசனம் புரியாது என்பாரோ? அந்தப் படத்தில் வசனமே குறைவு. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஏறக்குறைய 3,500 படச்சட்டங்களை வரையவைத்து, அவற்றைக் கொண்டே கதையை உருவாக்கியவர். தோட்டத் திடலில் வேட்டித் திரை கட்டி மலாய்ப் படமும் இந்திப் படமும் பார்த்து அழுதவர்கள் நாங்கள். படம் பார்க்க எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அந்தப் பெண்கள் பசுமை நிலத்தைத் தேடி ஓடுகிறார்கள். அது நஞ்சாகி, சேறாகி எப்போதோ அழிந்துவிட்டது. விதைப் பை வைத்திருக்கும் ஒரு கிழவி, போகிற இடமெல்லாம் நட்டுப் பார்க்கிறாள், ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் என்ன முடிவெடுக்கிறார்கள்? தண்ணீரும் பயிரும் இருக்கிற அதே கோட்டைக்குத் திரும்பிப் போய், அதைத் தங்களுடையதாக்கிக்கொள்வது என்று. வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் போக, தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்ற துண்டாடலில் நம் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தானே? உழைத்த தோட்டத்தை விட்டு ஓடாதே, காசு சேர்த்து நாமே வாங்குவோம் என்றார். தோட்டப்புறத்தார் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அந்த வரியை எப்படி ஐயா அச்சுக்கு அனுப்பினீர்கள்? இந்தக் கதை எங்களுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

நான் கேட்பது பெரிதல்ல. படம் முழுக்க ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே புரோக்கன் ஹில் பக்கம் மழை பெய்து பூப்பூத்துவிட்டதால், 2012-ல் ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குப் போய்தான் பெரும்பகுதியை எடுத்தார்கள். கிடைத்த 6 ஆஸ்கர்களில் படத்தொகுப்புக்கானதை வாங்கிய மார்கரெட் சிக்ஸலின் பெயரும் கட்டுரையில் இல்லை. வரும் ஞாயிறு இந்த இரண்டையும், ப்யூரியோசாவாக நடித்த சார்லீஸ் தெரோன் பெயரையும் சேர்த்து, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இந்த முறை ஊர்ப் பெயரைச் சரியாகப் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
சுங்கை சிப்புட், பேராக்