குளக்கரைக்கு நடைபாதை போடும் முன்

எங்கள் ஊராட்சி நிர்வாகத்துக்கும், மார்ச் 22 கிராமசபைக்கு வரவிருக்கிற ஊர்க்காரர்களுக்கும்,

வணக்கம். குளத்தைச் சுற்றி நடைபாதை, கைப்பிடி, விளக்கு எல்லாம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டோம். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் காணோம். ரப்பர் விளையைத் தாண்டி இறங்கும் ஓடையில் பாதி மதிலுக்குள் போய்விட்டது. மீதியில் ரோடு போட்டபோது கொட்டிய மண் கிடக்கிறது. ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு ஓடைக்கு ஆக வேண்டும். இந்த மடல் அதற்காகத்தான்.

குளத்துக்கும் வீட்டுக் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஆடியில் கிணற்றை எட்டிப் பார்க்கட்டும். குளம் நிறைந்த சில நாளில் கீழ்ப்பக்கத்து வீடுகளில் ஒன்றிரண்டு உறை மூழ்கிவிடும். குளம் வற்றிய பங்குனியில் வாளி தரையைத் தட்டும். நம் குமரி மாவட்டத்து விளைகளில், அதாவது மேட்டுத் தோட்டங்களில், இருப்பது வெட்டுகல் (செம்புரைக்கல்) மண். மழையை மளமளவென்று குடிக்கும், அதே வேகத்தில் தாழ்ந்த ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, விட்டும்விடும். அங்கே முன்பு நெல் நின்றது; வரப்புக்குள் மாதக்கணக்கில் தண்ணீர் கிடந்தது, சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் தண்ணீர் இறங்காமல் நின்றது. இன்றைக்கு அது வாழை, தென்னை, வீட்டுமனை. முற்றத்திலோ இன்டர்லாக் கல்.

ஆனி, ஆடியில் அரபிக்கடல் காற்று மலையில் மோதிக் கொட்டும் மழை, ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் பக்கத்து மழை என்று இரண்டும் நமக்கு உண்டு. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டத்துக்கு இது வாய்த்திருக்கிறது? அப்படியும் மாசியிலேயே லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கிறோம். வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பெய்தது மண்ணில் இறங்க வழியில்லாமல் ரோட்டில் ஓடி, குழித்துறை ஆற்றில் விழுந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போய்ச் சேர்கிறது.

அதுதான் ஜல் ஜீவன் குழாய் வந்துவிட்டதே என்பார்கள். 2019இல் தொடங்கிய திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கணக்கு. கிணறே இல்லாத வீட்டுக்கும், கடலோரத்தில் கிணறு உப்பாகிப் போனவர்களுக்கும் அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் குழாய் வந்த கையோடு கிணற்றைக் குப்பைக்குழி ஆக்குகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, கம்பங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை அதற்குள் மறந்தாயிற்றா? டேங்கில் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. கப்பியும் கயிறும் இருந்த கிணற்றைத் தேடித்தான் குடத்தோடு போனோம்.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 900 லிட்டர். அந்த 55 லிட்டர் கணக்கில் நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலு நாள் தண்ணீர். முதல் மழையில் மாடி அழுக்கு போகட்டும். அதன்பின் வருவதை மணலும் கரியும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விடலாம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மாட்டிய குழாய்கள் பல வீடுகளில் எங்கே போய் முடிகின்றன என்று பார்த்தால் சிரிப்பு வரும். பிளான் பாஸாக மாட்டியவை அவை.

செப்டிக் டேங்கைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். ஐந்து சென்டில் வீடு கட்டியவரிடம் இதைச் சொல்வது சிரமம்தான். புதிதாகக் கட்ட அனுமதி கேட்பவர்களிடமாவது கறாராக இருக்கலாம். பாழாய்க் கிடக்கும் கிணறுகளைச் சித்திரைக்குள் இறைத்துத் தூர்வார 100 நாள் வேலை ஆட்களை விட முடியுமா என்றும் பாருங்கள். பிளீச்சிங் பவுடரை ஊராட்சியே கொடுக்கலாம், பெரிய செலவில்லை.

ஓடை விஷயத்துக்கு வருகிறேன். மதில் கட்டியவரோடு யாருக்கும் சண்டை வேண்டாம். 22ஆம் தேதி கிராம நிர்வாக அலுவலரைப் புலப்படத்தோடு, அதாவது நில அளவை வரைபடத்தோடு, வரச் சொல்லுங்கள். ஓடை எங்கே போகிறது, எத்தனை அகலம் என்பது அதில் இருக்கும். அதைப் பார்த்து அளந்து கல் நட்டபின் நடைபாதைக்கு டெண்டர் விடுவது என்று அன்றே தீர்மானம் எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
குளத்துக்குக் கீழ்ப்பக்கம் குடியிருக்கும் ஒருவர்