பருத்திப்பால் பொடி ஏன் நிறுத்தினோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரமாகப் பருத்திப்பால் பொடி கேட்டு வந்தவர்களை "ஸ்டாக் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். காரணத்தை அப்போதே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

போன மாதம் ஒரு அம்மா கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "ஒரு சொத்தைகூட இல்லையே, மரபணு மாத்தின காயா?" என்றார். இல்லை. காய்ப்புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2009-இல் மத்தியக் குழு ஒப்புதல் கொடுத்தது. 2010 பிப்ரவரியில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். நமக்குக் காய் தரும் விவசாயி சொந்த விதை போடுகிறவர். சொத்தையை வயலிலேயே பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் மூட்டை கட்டுவார். விதையில்லாத் திராட்சை, ஹைபிரிட் தக்காளி பற்றியும் இதே சந்தேகம் வருகிறது. அவை மரபணு மாற்றியவை அல்ல. "மரபணு மாற்றம் இல்லாதது" என்று காய்களில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறீர்கள். ஒட்டினால் பக்கத்துக் கடைக் காய் ஏதோ விஷம் என்று ஆகிவிடும். அதை நாங்கள் செய்ய மாட்டோம்.

அப்புறம் அதே அம்மா பில் போடும்போது இரண்டு பாக்கெட் பருத்திப்பால் பொடி எடுத்து வைத்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதே போல மரபணு மாற்றிய, இந்தியாவில் 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்திதான் இன்று பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பருத்தி நிலத்தில் நிற்கிறது. பருத்திக்கொட்டை எண்ணெயும் வெளிநாட்டு சோயா எண்ணெயும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பயிரிலிருந்து வருபவைதான். ரீபைண்ட் செய்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சாது. பருத்திப்பால் அப்படியில்லை, கொட்டையையே அரைத்துப் பிழிவது. பொடி தந்த வியாபாரியிடம் எந்தப் பருத்தி என்று கேட்டோம். அவருக்கே தெரியவில்லை.

குடித்தால் கெடுதல் என்று நாங்கள் சொல்லவில்லை. மதுரைக்காரர்கள் சுக்கும் கருப்பட்டியும் போட்டு ஆசையாகக் குடிப்பதை ஏன் பயமுறுத்த வேண்டும்? ஆனால் கத்தரிக்காயை அவ்வளவு கவனமாகத் திருப்பிப் பார்ப்பவருக்கு, எது என்று எங்களுக்கே தெரியாத பொடியைக் கொடுக்க மனம் வரவில்லை.

கரிசல் பக்கம் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி போடுகிறவர்களிடம் கொட்டை கேட்டிருக்கிறோம். வந்ததும் கடையிலேயே அரைத்து, எந்த ஊர்க் கொட்டை என்று பாக்கெட்டில் எழுதித் தருகிறோம். விலை கொஞ்சம் கூடும். பழைய பாக்கெட் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், முழுப் பணமும் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து