நகராட்சி ஓய்வூதியர் சங்கம், நகரக் கிளை: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. டிசம்பர் 17 அன்று ஓய்வூதியர் நாள் கொண்டாடப்பட்டது. நடமாட இயலாத உறுப்பினர்களுக்கு அஞ்சல்காரர் மூலம் வீட்டிலேயே உயிர்வாழ் சான்று பதிய ஏற்பாடு செய்தோம். 80 வயதில் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் ஓய்வூதியத்துக்கு முன்பாக, 70 வயதிலேயே 10 சதவீதம் வழங்க வேண்டும் என்ற கோரிக்கையை மீண்டும் அனுப்பியுள்ளோம்.

இவ்வாண்டு நான் முதன்மையாக எடுத்துக்கொண்ட பணி, 2003 ஏப்ரல் 1 அன்றும் அதற்குப் பின்னரும் பணியில் சேர்ந்து ஓய்வுபெற்ற தூய்மைப் பணியாளர்களைச் சங்கத்தில் சேர்ப்பதாகும். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் மாதந்தோறும் 10 சதவீதம் செலுத்திய இவர்களுக்கு இறுதியில் கிடைத்தது ஒரே ஒரு தொகை. மாத ஓய்வூதியம் கிடைக்கவில்லை. அந்தத் தொகைக்கும் நம் நகராட்சியில் சிலர் நெடுநாள் காத்திருந்தார்கள். ஓய்வூதியம் பெறாதவர் ஓய்வூதியர் சங்கத்தில் எப்படி உறுப்பினராக முடியும் என்று செயற்குழுவில் சிலர் எதிர்த்தனர். ஓய்வூதியம் கருணைத்தொகை அன்று, உழைத்துப் பெற்ற உரிமை என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஆண்டுதோறும் மேடையில் நினைவுகூரும் நாம், அந்த உரிமை மறுக்கப்பட்டவரை வாசலில் நிறுத்துவது எனக்குச் சரியாகப்படவில்லை. மேலும், மாத ஓய்வூதியம் தரும் பழைய திட்டத்தில் உள்ளோர் எண்ணிக்கை குறையக் குறைய நகர்மன்றத்தில் நம் குரலும் குறையும். 2016 முதல் 2022 வரை தனி அலுவலர் காலத்தில் நம் மனுவைக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாதிருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, மன்றத்தின் பதவிக்காலம் முடிவதற்குள் எல்லாக் கட்சி உறுப்பினர்களையும் வார்டுவாரியாகச் சந்தித்தோம். நிலுவைத் தொகையை விரைந்து வழங்கக் கோரும் தீர்மானமும் நிறைவேறியது.

ஓய்வூதியத் திட்டங்களை ஆராய ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் 2025 பிப்ரவரியில் அரசு அமைத்த குழுவுக்கு மனு அனுப்பக் கையெழுத்துக் கேட்டபோது வந்தவர்கள் மிகச் சிலரே. அகவிலைப்படி 53 சதவீதமானபோது நிலுவை எப்போது கிடைக்கும் என்று தொலைபேசியில் விசாரித்தவர்களில் பாதிப்பேராவது ஆர்ப்பாட்டத்துக்கு வந்திருந்தால் பந்தல் நிறைந்திருக்கும். சந்தா செலுத்தாதோர் பட்டியலில் முன்னாள் நிர்வாகிகளின் பெயர்களும் இருப்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவு போகக் கையிருப்பு சிறிதளவே உள்ளது. ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், கூட்டத்துக்கு இடம் தந்தோர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இப்பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் கோப்புகளை முறையாக ஒப்படைப்பேன். எவரும் முன்வராத நிலையில் நானே தொடர்வதானால், புதிய உறுப்பினர்களின் விண்ணப்பங்களுக்குப் பொதுக்குழு இன்றே ஒப்புதல் தர வேண்டும். நிலுவைச் சந்தாவும் கூட்டம் கலைவதற்குள் பொருளாளரிடம் வந்து சேர வேண்டும்.

இவண்,
செயலாளர்