போக்குவரத்துத் திட்டங்களை விரிவான திட்ட அறிக்கைக்கு (டி.பி.ஆர்) முன்பே பரிசீலிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளைப் பகுதிக் குடியிருப்போர்,
சென்னை.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் (கும்டா),
சென்னை.

பொருள்: புதிய போக்குவரத்துத் திட்டங்களுக்கு ஆலோசகரை நியமிப்பதற்கு முன்பே முன்பரிசீலனை நடத்தி, அதன் முடிவை வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. தூசியும் மாற்றுப்பாதையும் பழகிவிட்டன. அதைப் பற்றிப் புகார் சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. எந்தத் திட்டத்தையும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஒரு திட்டம் பிறக்கும்போதே, அது உண்மையிலேயே தேவையா, வேறு வழி உண்டா என்று யாராவது உட்கார்ந்து யோசித்து, யோசித்ததை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்போது நடப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு சந்திப்பில் நெரிசல் என்று பேச்சு எழும். சட்டமன்றத்தில் துறையின் மானியக் கோரிக்கையின்போது அங்கே மேம்பாலம் கட்டப்படும் என்று அறிவிப்பு வரும். அப்புறம் "மேம்பாலம் அமைக்க விரிவான திட்ட அறிக்கை தயாரித்தல்" என்று ஆலோசகருக்கு டெண்டர் விடப்படும். பணி ஆணையிலேயே மேம்பாலம் என்று எழுதிக் கொடுத்த பிறகு, சிக்னல் நேரத்தை மாற்றிப் பேருந்து நிறுத்தத்தைச் சற்றுத் தள்ளி வைத்தாலே போதும் என்று எந்த ஆலோசகர் அறிக்கை எழுதுவார்? தூண் எங்கே வரும், நீளம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதைத்தான் எழுதுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் கேட்ட கேள்வியே அதுதான்.

எங்கள் பகுதி அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். பிரதான சாலை ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் கடக்கச் சிரமப்பட்டார்கள். சாலையைப் பராமரிக்கும் துறையிடம் பாதசாரி சிக்னல் வேண்டும் என்று கேட்டோம். நடைமேம்பாலம் வந்தது. லிஃப்ட் ஓடிய நாட்களைவிட ஓடாத நாட்களே அதிகம். முழங்கால் வலியோடு காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி யார் ஏறுவார்கள்? மக்கள் பழையபடி கீழேதான் கடந்தார்கள். அதைத் தடுக்க நடுத்திட்டில் கம்பி வேலி போட்டார்கள். சில வாரங்களில் கம்பி வளைந்து ஆள் நுழையும் இடைவெளி வந்தது. இப்போது அந்தப் பாலம் விளம்பரப் பலகை தாங்க மட்டும் நன்றாகப் பயன்படுகிறது.

இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயம் 1988-இல் வெளியிட்ட 103-ஆம் வழிகாட்டியில் எளிய கணக்கு ஒன்று உண்டு. உச்ச நேரத்தில் ஒரு மணிக்குக் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத்திட்டு இல்லாத சாலையில் 10 கோடியையும், நடுத்திட்டு உள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால், அங்கே சிக்னல் போன்றவற்றால் கட்டுப்படுத்தப்பட்ட கடவை தேவை. 200 பேர், 1,000 வாகனங்கள் என்றாலே 20 கோடி வந்துவிடும். எங்கள் சாலையில் காலை எட்டரை மணிக்கு இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தால் போதும், தரையிலேயே சிக்னல் கடவை வேண்டும் என்பது தெரிந்திருக்கும். செலவும் பாலத்தின் செலவில் சிறு பங்குதான் ஆகியிருக்கும்.

சின்னப் பாலத்தோடு இது முடிவதில்லை. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். 2008-இல் தொடங்கிய அந்த இணைப்பு, ஆதம்பாக்கம் பக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றதை நாங்கள் மாடியிலிருந்தே பார்த்தோம். துறைமுகம் – மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். தூண்கள் கூவம் ஆற்றில் இறங்குகின்றன என்று 2012-இல் வேலை நின்றது. இரண்டடுக்குச் சாலையாக மாற்றி 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. ரயில் பிடிக்க வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. நிலம் கையில் இருக்கிறதா, ஆற்றுக்குள் தூண் வருமா, இறங்கும் பயணி அடுத்து எதில் ஏறுவார் என்ற கேள்விகளுக்கு முதல் மாதத்திலேயே பதில் தேடியிருக்கலாம். அவை ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்திலும் நாளிதழிலும் வந்து நின்றன.

பெரிய திட்டங்களுக்கு இப்படி ஒரு நெறி ஏற்கெனவே உண்டு. மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி, மெட்ரோ கேட்கும் நகரம் முதலில் மாற்று வழிகளை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். செலவுக்கு ஈடாகச் சமூகத்துக்குக் கிடைக்கும் பலனைக் காட்டும் பொருளாதார வருவாய் விகிதம் 14 சதவீதமாவது இருக்க வேண்டும். மேம்பாலம், சுரங்கப்பாதை, ஆகாய நடைபாதை, பேருந்து முனையம் ஆகியவற்றுக்கு அப்படி ஓர் ஒப்பீட்டை மக்கள் பார்க்கும்படி வெளியிட்டு நாங்கள் கண்டதில்லை.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரு திட்டத்தை ஐந்து கட்டமாகப் பிரித்துச் செய்கிறது. பிரச்சினையைப் பரிசீலித்தல், கருத்துருவாக்கம், முதல்நிலைப் பொறியியல், இறுதி வடிவமைப்பு, கட்டுமானம். முதல் கட்டத்தில் பார்ப்பது பிரச்சினையைத்தான். தீர்வு என்ன என்பது பின்னால்தான். அந்த மாநிலத்தின் பணமும் சாலையும் வேறு, நம் ஊர் வேறு. ஆனால் இந்த வரிசைக்குப் பணம் தேவையில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தங்கள் குழுமத்துக்கு முதலமைச்சரே தலைவர். ரயில்வே, மாநகரப் போக்குவரத்துக் கழகம், மெட்ரோ, நெடுஞ்சாலை, காவல் துறை எல்லாம் ஒரே மேசையில் உட்காரும் இடம் இது ஒன்றுதான். பெருநகர எல்லைக்குள் எந்தத் துறை புதிய திட்டம் கொண்டுவந்தாலும், ஆலோசகருக்கு டெண்டர் விடும் முன்பே ஒரு பக்கப் பிரச்சினைக் குறிப்பைக் குழுமத்துக்குத் தர வேண்டும் என்று ஆக்குங்கள். யாருக்கு, எந்த நேரத்தில், என்ன சிரமம்; அதை எண்ணிப் பார்த்தார்களா; கட்டாமலே தீர்க்க வழி உண்டா; நிலம் யாருடையது; அதே சாலையில் வடிகால், மின்வடம், குடிநீர்க் குழாய் என்று யார் யார் அடுத்துத் தோண்டப் போகிறார்கள்; கட்டிய பின் லிஃப்டை எந்தத் துறை எந்தக் கணக்கிலிருந்து பழுது பார்க்கும். இவ்வளவும் அதில் இருந்தால் போதும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத குறிப்பை அப்படியே திருப்பி அனுப்பலாம்.

வந்த குறிப்புகளையும், ஏற்றது எது, ஒதுக்கியது எது, ஏன் என்பதையும் இணையதளத்தில் தமிழில் வெளியிட வேண்டும். ஒதுக்கியதற்கான காரணம்தான் எங்களுக்கு முக்கியம்; இல்லாவிட்டால் அடுத்த தேர்தலுக்கு அதே பாலம் திரும்பி வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு, மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களையும் காரணங்களையும் கேட்காமலே தரச் சொல்கிறது. எனவே இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

இது இன்னொரு கோப்பு, இன்னொரு தாமதம் என்று துறைகள் சொல்லக்கூடும். பாலம் இடிந்தது, சாலை உள்வாங்கியது போன்ற அவசர வேலைகளுக்கு விலக்கு கொடுங்கள். மற்றவற்றுக்கு 45 நாள் கெடு வையுங்கள். குழுமம் அதற்குள் பதில் தராவிட்டால் துறை மேலே போகட்டும். ஆண்டுக்கணக்கில் தூண்கள் மட்டும் நிற்பதைவிட இந்த 45 நாள் குறைவுதான்.

முதலில் எங்கள் பகுதியிலேயே சோதித்துப் பார்க்கலாம். மின்சார ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் சேரும் பரங்கிமலையைச் சுற்றி இனி வரும் ஒவ்வொரு வேலைக்கும் இந்த முறையைப் பின்பற்றுங்கள். ஆட்களை எண்ண, வாகனங்களை எண்ண நாங்களே வருகிறோம். எண்ணும் முறையை மட்டும் தங்கள் பொறியாளர்கள் சொல்லிக் கொடுத்தால் போதும்.

இதுபற்றி நேரில் பேச எங்கள் பிரதிநிதிகள் ஐவருக்கு ஒரு நாள் ஒதுக்கித் தரும்படியும், இந்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளைப் பகுதிக் குடியிருப்போர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், நடைமேம்பாலத்தின் புகைப்படங்கள்