வங்கி எந்த எண்ணிலிருந்து கூப்பிட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டியில் செல்போன் ரீசார்ஜ் மற்றும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன் மோசடி பற்றிய செய்திகள் எல்லாம் 'பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்' என்றுதான் முடிகின்றன. விழிப்பு வேண்டியதுதான். ஆனால் கண்ட எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் நம்பும்படி மக்களைப் பழக்கி வைத்திருப்பது வங்கிகளே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசிக்கொண்டே கடைக்குள் வந்தார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டார் போல. "தம்பி, மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்காம், வாசிச்சுச் சொல்லு" என்று போனை நீட்டினார். பார்த்தால் ஓடிபி. மறுமுனையில் ஒருவன் நல்ல தமிழில், சாயங்காலத்துக்குள் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முடிக்காவிட்டால் ஏடிஎம் கார்டு பிளாக் ஆகிவிடும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அழைப்பைத் துண்டித்தேன். ஐயாவுக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. "பேங்க்ல இருந்துதாம்ப்பா பேசுறாங்க. போன வாரம் லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சே, அதுவும் இதே மாதிரி நம்பர்தான்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. போன வார அழைப்பு அவருடைய வங்கிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சியிலிருந்து வந்தது. இரண்டுமே சாதாரணப் பத்து இலக்க எண்கள். பேசியவர்கள் இருவருக்கும் அவர் பெயரும் வங்கியும் தெரிந்திருந்தன. எழுபது வயதுக்காரர் எதை வைத்து இன்னது நிஜம், இன்னது பொய் என்று பிரிப்பார்?

இதற்கு விதி இல்லாமல் இல்லை. விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண், கணக்கு சம்பந்தமான அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண் என ஒதுக்கியிருக்கிறார்கள். இவற்றிலிருந்துதான் அழைக்க வேண்டும், 2025 மார்ச் 31க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஜனவரியிலேயே சுற்றறிக்கை விட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் கமிஷனுக்கு வேலை பார்க்கும் ஏஜென்சிப் பிள்ளைகள் கையில் இருப்பது சாதாரண சிம். அந்தப் பிள்ளைகளைத் திட்டியும் பிரயோஜனமில்லை. டார்கெட் முடிக்காவிட்டால் அவர்களுக்குச் சம்பளம் இல்லை. எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

'டிஎன்டி போட்டும் ஏன் கால் வருது?' என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். டிஎன்டி என்பது விளம்பர அழைப்பு வேண்டாம் என்று நாம் பதிந்து வைப்பது. முறையாகப் பதிவு செய்த டெலிமார்க்கெட்டிங் நிறுவனத்தைத்தான் அது தடுக்கும். சொந்த சிம்மில் கூப்பிடுபவர்களை நாம் புகார் செய்தால்தான் பிடிக்க முடியும். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியபின், டிஎன்டியில் பதியாதவர்களும் புகார் செய்யலாம். ஏழு நாள் வரை அவகாசம் உண்டு. 1909க்குச் சொல்லலாம், டிராயின் டிஎன்டி செயலியிலும் பதியலாம். கடைக்கு வருபவர்களுக்கு நானே பதிந்து கொடுக்கிறேன். ஆனால் அந்த சிம் போனால் ஏஜென்சி இன்னொரு சிம் வாங்கிவிடும். அந்தக் கடனை விற்று லாபம் பார்க்கும் வங்கியைக் கேள்வி கேட்காதவரை இது நிற்காது.

ஏமாந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் போனதும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு, மோசடிக்காரன் கணக்கிலிருந்து பணத்தை எடுப்பதற்குள் முடக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான், மருமகள் என்ன நினைப்பாள் என்று பயந்து இரண்டு நாள் மூடி மறைத்துவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, யார்ட்டயும் சொல்லிராத" என்று கண்கலங்கிய அம்மாவைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் பணத்தை இழந்து நிற்கும்போது பிள்ளைகள் தயவுசெய்து ஏசாதீர்கள். முதலில் 1930ஐ அழையுங்கள்.

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. 'எங்கள் வங்கி உங்கள் கணக்கு பற்றி 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்து மட்டுமே பேசும். அப்போதும் ஓடிபி கேட்காது' என்று பாஸ்புக் அட்டையிலும், ஏடிஎம் கதவிலும், பென்ஷன்காரர்கள் வரிசையில் நிற்கும் கவுன்டருக்கு மேலேயும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வையுங்கள். எழுதிய பிறகு உங்கள் ஏஜென்சிகளையும் சாதாரண சிம்மில் பேச விடாதீர்கள். மீறும் ஏஜென்சி கொண்டுவரும் கடன் விண்ணப்பத்தை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். கமிஷன் கிடைக்காது என்று தெரிந்தால் அந்த அழைப்புகள் தானாகக் குறையும்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரர் ஒருவர்,
கோவில்பட்டி