குற்றக் கணக்கு எழுதுறவங்க ரப்பர் பால்வெட்டு நிக்கிற மாசத்தையும் பாக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

குமரி மாவட்டத்துல இவ்வளவு படிப்பு இருந்தும் குற்றம் குறையலயேன்னு போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். 2011 சென்சஸ்ல எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதலிடம், உண்மைதான். ஆனா படிச்சவங்க நெறைய உள்ள ஊர்ல எழுதிக் குடுக்குற புகாரும் நெறைய வரும்லா? குற்றம் கூடுறது வேற, வழக்குப் பதிவு கூடுறது வேறன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகமே அவங்க புத்தகத்துல எழுதி வச்சிருக்கு.

என் கதையவே சொல்றேன். எங்க வீடு குலசேகரம் பக்கம். ரெண்டு வருஷம் முன்ன புகைப்புரையில, அதாவது ரப்பர் பால உறைய வச்சு தகடா அடிச்ச சீட்ட புகை போட்டு காய வைக்கிற கொட்டகையில, தொங்கப் போட்டிருந்த ரப்பர் சீட்டு ஒரே ராத்திரில போச்சு, காலைல போய் பாத்தா வெறும் கம்புதான் நிக்குது. ஸ்டேஷனுக்கு போனா சீட்டுக்கெல்லாமா கேஸு, நாளைக்கு வாங்கன்னாங்க, மூணு நாள் அலைஞ்சு, புகார் வாங்கிக்கிட்டதுக்கு குடுக்குற சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் வாங்கிட்டு வந்தேன், எஃப்.ஐ.ஆர் போடல. புகார்ல போலீஸ் நேரா நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்தது தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர் போட்டே ஆகணும்னு லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது 2013ல. என் சீட்டு இன்னைக்கு வரைக்கும் எந்த கணக்குலயும் இல்ல.

எடுத்தது யாருன்னு பொறவு அவன் அம்மாவே வந்து அழுதுட்டு சொன்னா. டிப்ளமா முடிச்ச பையன், என்னை மாமான்னு கூப்பிடுறவன். அப்பாவுக்கு ரப்பர் மரத்துல பால்வெட்டுற கூலி வேலை. மழை பிடிச்சா வெட்டு கிடையாது, வெட்டு இல்லன்னா கூலி கிடையாது, நம்ம ஊருக்கு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, அந்த மாசங்கள ஓட்ட வாங்குன வட்டிப் பணத்துக்கு ஒருத்தன் வாரா வாரம் முற்றத்துல வந்து நின்னு ஊர் கேக்க சத்தம் போடுவான். திருட்ட நான் நியாயம்னு சொல்லல, எனக்கும் வயிறு எரிஞ்சுது. ஆனா 2003ல வந்த கந்துவட்டி தடைச் சட்டம் அந்த முற்றம் வரைக்கும் வரலயே. அந்த பையனுக்கு டிப்ளமாவுக்கு ஏத்த வேலை இந்த மாவட்டத்துல எங்க இருக்கு? கல்ஃபுக்கு போகவும் ஏஜென்டுக்கு கட்ட கடன்தான் வாங்கணும். போனவங்க வீடு பூட்டிக் கிடக்கு, இல்லன்னா வயசானவங்க தனியா இருக்காங்க, அதுவும் திருடனுக்குத் தெரியும்.

இன்னொண்ணு. லட்சம் பேருக்கு இத்தனை குற்றம்னு கணக்கு போடும்போது வகுக்குறது இங்க குடியிருக்குற ஜனத்தொகைய வச்சு. கார்த்திகை மார்கழில முக்கடல்ல குளிக்க வர்ற ஐயப்ப பக்தர்களும் டூரிஸ்டுகளும் அதுல கிடையாது, ஆனா அவங்க பர்ஸ் போச்சுன்னா கேஸு மட்டும் நம்ம கணக்குல ஏறும்.

அடுத்த தடவ எழுதும்போது ஸ்டேஷன் வாரியா போடுங்க, எந்த மாசத்துல என்ன திருட்டுன்னும் போடுங்க, வெட்டு நிக்கிற மாசத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க. உங்க நிருபர் வந்தா நானே கூட வந்து தோட்டம் தோட்டமா காட்டித் தரேன்.

இப்படிக்கு,
ரப்பர் விவசாயி ஒருத்தர்,
குலசேகரம்